நாலாம் நம்பர் தண்ணி

சார், கொஞ்சம் காலை அந்தப் பக்கம் வெச்சிக்கிறீங்களா? அந்தப் பெட்டி சாஞ்சிடப் போவுது. பயப்படாதீங்க, மீன் இல்ல, நாத்தம் வராது. உள்ள ஐஸும் ரெண்டு பாட்டில் தண்ணியும்தான் இருக்கு. இவ்ளோ நேரம் மடியில வெச்சிருந்தேன், தொடை மரத்துப்போச்சு, அதான் கீழ எறக்கினேன். நீங்க எதுவரைக்கும்? கடலூரா. நான் பாண்டிக்குப் போறேன், பெரியாஸ்பத்திரிக்கு. என் சம்சாரம் அங்க படுத்திருக்கா.

பெட்டியை விடாம புடிச்சிருக்கானேன்னு பாக்கறீங்க. சாஞ்சிடுமேன்னு புடிச்சிருக்கேன்னு சொல்லலாம். எதுக்கு பொய் சொல்லணும், பயமா இருக்கு சார். ரொம்ப பயமா இருக்கு. உங்ககிட்ட பேசிக்கிட்டு வந்தா பரவால்ல, உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா. தூங்கணும்னா தூங்குங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வரேன்.

எனக்கு ஊரு கோரைத்திட்டு. ஆறு கடல்ல சேர்ற எடம். எங்க ஊர்ல தணிகாசலம்னு கேட்டா யாருக்கும் தெரியாது, தண்ணி டாக்டர் வீடு எங்கன்னு கேளுங்க, கைப்புடிச்சிக் கூட்டிக்கிட்டு வந்து விடுவாங்க. கிண்டலுக்கு வெச்ச பேரு, அப்படியே நின்னுடுச்சி. மூணு வருஷத்துக்கு முன்ன ஆராய்ச்சி நிலையத்துலேருந்து வந்து, இந்த முகத்துவாரத்துத் தண்ணி எப்படி இருக்குன்னு பாக்கப் போறோம், உள்ளூர் ஆளு ஒருத்தர் வேணும்னாங்க. பத்தாவது படிச்சவன் நான் ஒருத்தன்தான் அன்னைக்கு ஊர்ல இருந்தேன். மத்தவனெல்லாம் கடலுக்குப் போயிருந்தான்.

வேலை சுலபம்னு நெனைப்பீங்க. அப்படியில்ல. அஞ்சு எடத்துல மூங்கில் நட்டு நம்பர் போட்டிருக்கு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை படகுல போயி அஞ்சுலயும் தண்ணி புடிக்கணும். சூடு எவ்ளோ, உப்பு எவ்ளோன்னு எழுதணும். அப்புறம் காத்து. தண்ணிக்குள்ள காத்து இருக்கணும் சார், மீனும் மூச்சு விடணுமில்ல. அதுக்கு ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில், கண்ணாடி மூடி போட்டது. நுரையில்லாம தண்ணியைப் புடிச்சி, அந்த எடத்துலயே ரெண்டு மருந்து விட்டு, மூடி, தலைகீழா ஆட்டணும். காத்து இருக்கற தண்ணின்னா டீ டிக்காஷன் கலர்ல கலங்கி அடியில தங்கும். காத்தே இல்லைன்னா வெள்ளையா நிக்கும்னு ரெஜினா மேடம் ட்ரெயினிங்ல சொன்னாங்க. அவங்கதான் எங்க மேல் அதிகாரி. சின்ன வயசு, ஆனா கெட்டிக்காரி. நான் வெள்ளையைப் பாத்ததேயில்ல. மூணு வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல.

மாசா மாசம் மேடம் ஒரு படம் அனுப்புவாங்க. அஞ்சு எடம், அஞ்சு வட்டம். நல்லா இருந்தா பச்சை, சுமாரா இருந்தா மஞ்சள், கெட்டிருந்தா சிவப்பு. அதை நான் பிரிண்ட் எடுத்துப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில ஒட்டுவேன். எங்க பலகையில மூணு வருஷமா அஞ்சும் பச்சை. பக்கத்து ஊர் முகத்துவாரத்துல மஞ்சளும் சிவப்புமா வருது. எங்களுது பச்சை. ஒரு கூட்டத்துல எனக்குத் துண்டு போட்டாங்க சார். போட்டோ இருக்கு, போன்ல காட்டறேன். இல்ல, அப்புறம் காட்டறேன்.

நாலாம் நம்பர்தான் கஷ்டமான எடம். மீன் கம்பெனி ஒண்ணு இருக்கு, மீனை அரைச்சி மாவு பண்றவன். அவன் கழிவுத்தண்ணிக் கால்வா வந்து விழற எடத்துலதான் நாலாம் நம்பர் மூங்கில். தண்ணி ஏறும்போது படகு நேரா போயி மூங்கில்ல கட்டிடலாம். கடல்தண்ணி உள்ள வந்து ததும்பி நிக்கும். வத்தத்துல, அதாவது கடல் எறங்கித் தண்ணி வத்திக் கெடக்கற நேரத்துல போனீங்கன்னா படகு தட்டிடும், அரை மைல் சேத்துல நடக்கணும். சேறுன்னா சாதாரண சேறு இல்ல, தொடை வரைக்கும் உள்ள இழுக்கும். ஃபாரத்துல ஏத்தம், வத்தம்னு ரெண்டு கட்டம் இருக்கு, ஒரு தடவை ஏத்தத்துல எடுத்தா அடுத்த தடவை வத்தத்துல எடுக்கணும்னு முறை. படகுக்காரன் காசிலிங்கம் வத்தத்துல வரமாட்டேன்னுட்டான். நான் என்ன பண்றது சொல்லுங்க. ஏத்தத்துலயே போவோம், ஃபாரத்துல மாத்தி மாத்தி டிக் போட்டுடுவேன். அது ஒரு டிக்தானே. தண்ணியை நான் மாத்தலையே. அந்த மூங்கில்லேருந்து எடுத்த தண்ணிதானே. வீட்டுக் குழாயில புடிச்சிக் குடுக்கறவனெல்லாம் இருக்கான் சார், எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் அப்படிச் செஞ்சதில்ல.

இதை எதுக்குச் சொல்றேன்னா, என் சம்சாரம் அஞ்சலாட்சி. அவ எறால் தடவப் போவா. எங்க ஊர்ப் பொம்பளைங்க பத்துப் பன்னெண்டு பேர் போவாங்க. வலையெல்லாம் கிடையாது, வத்தத்துல இடுப்புத் தண்ணியில குனிஞ்சி, சேத்தைக் கையாலயே தடவித் தடவி எறாலைப் புடிச்சி, கழுத்துல தொங்கற பறிக்கூடையில போடணும். எறால் நிறைய கெடைக்கற எடம் அந்த நாலாம் நம்பர் பக்கம்தான். கம்பெனித் தண்ணியில வர்ற மீன் தூளைத் திங்க எறால் அங்க வந்து சேரும்.

தை மாசத்துலேருந்தே அவ சொல்லிக்கிட்டிருந்தா. “ஏய்யா, தண்ணி எரியுதுய்யா, கையெல்லாம் அரிக்குது, அழுகின முட்டை நாத்தம் அடிக்குது”ன்னு. நான் சிரிச்சேன். உன் மூக்கு பெருசா, ஆபீஸ் மிஷின் பெருசாடின்னு கேட்டேன். அவளும் சிரிச்சா. மத்த பொம்பளைங்களும் அதையே சொன்னாங்க. மாசியில ஒரு பத்து நாள் எவளும் எறங்கல. சோத்துக்குக் கஷ்டமாயிடுச்சி. நான்தான் போயி எல்லாரையும் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னாடி உக்கார வெச்சி, பலகையைக் காட்டி, பாருங்க, நாலாம் நம்பரும் பச்சை, இது கவர்ன்மெண்ட் சொல்றது, தைரியமா எறங்குங்கன்னு சொன்னேன். மறுநாளே எறங்கிட்டாங்க. என் பேச்சுக்கு அவ்ளோ மரியாதை சார் ஊர்ல.

போன வியாழக்கிழமை அவளுக்குக் கால்ல ஆளி ஓடு கிழிச்சிடுச்சி. சேத்துக்குள்ள கெடக்குமே சிப்பி, அதோட ஓடு. சின்னக் கீறல்தான், கணுக்காலுக்குக் கீழ. எங்க பொம்பளைங்களுக்கு இது வாரம் ஒண்ணு நடக்கும். மஞ்சளை வெச்சி ஒரு துணியைச் சுத்திக்கிட்டு வந்து சமைச்சா. வெள்ளிக்கிழமை காய்ச்சல். கடைத்தெருவு டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். அவர் கேட்டாரு, எந்தத் தண்ணியில நின்னுச்சு, சாக்கடை ஏதாச்சும் கலக்குமா அதுலன்னு. நான்தான் பதில் சொன்னேன். சார், அந்தத் தண்ணியைப் பரிசோதனை பண்ற ஆளே நான்தான், முதல்தரமான தண்ணின்னு சொல்லி, போன்ல பச்சைப் படத்தையும் காட்டினேன். அப்படின்னா சாதாரணப் புண்ணுதான்னு ஒரு ஊசி போட்டு, களிம்பு குடுத்து அனுப்பிட்டாரு. நல்ல மனுஷன், அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

ஞாயித்துக்கிழமை காலையில பொடவையைத் தூக்கிக் காட்டினா. கணுக்கால்லேருந்து கெண்டைக்கால் வரைக்கும் நீலமும் கறுப்புமா கொப்புளம். தொட்டா சுடுது. அவ என்னைப் பாத்து, இது என்னய்யா இப்படின்னு கேக்கறா, அப்பவே பாண்டிக்கு வண்டி புடிச்சேன்.

பாண்டியில ஒரு லேடி டாக்டர் பாத்தாங்க. வந்ததும் ஒரு பேனாவை எடுத்து, சிவப்பு எதுவரைக்கும் ஏறியிருக்கோ அங்க கால் மேல ஒரு கோடு போட்டாங்க. எதுக்குன்னு எனக்குப் புரியல. நேத்து காலையில போயிப் பாத்தா, சிவப்பு கோட்டைத் தாண்டி நாலு விரக்கடை மேல வந்துடுச்சி. இன்னொரு கோடு போட்டாங்க. சாயந்திரம் அதையும் தாண்டிடுச்சி, மூணாவது கோடு போட்டாங்க. அவ தூங்கிக்கிட்டிருக்கா, நான் அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். எங்க ஊர்ல வெள்ளம் வந்தா செவுத்துல கரிக்கோடு போட்டு, ஏறுதா எறங்குதான்னு பாப்போம். அந்தப் பயம்தான் வந்துச்சி எனக்கு, அதைவிட ஆயிரம் மடங்கு.

டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. குடுக்கற மருந்து கேக்கல. புண்ணுலேருந்து எடுத்ததை லேபுக்குப் போட்டிருக்கோம், முழுசா தெரிய ஒரு நாள் ஆவும், அதுவரைக்கும் காத்திருக்க நேரம் கம்மி. அவங்க நின்ன தண்ணியில என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சா எந்த மருந்துக்கு மாத்தறதுன்னு ஒரு வழி கெடைக்கும், நாளைக்குள்ள கட்டுப்படலைன்னா முழங்காலுக்கு மேல எடுக்க வேண்டியிருக்கும்னாங்க. எடுக்கறதுன்னா என்னன்னு கேட்டேன். அவங்க தன்னோட முழங்காலுக்கு மேல விரலால ஒரு கோடு இழுத்துக் காட்டினாங்க.

ரெஜினா மேடத்துக்குப் போன் பண்ணேன். அவங்க உடனே ஆள் மூலமா சுத்தம் பண்ண பாட்டில் ரெண்டு அனுப்பினாங்க, ஒண்ணு ஒடைஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்னு. ஒரே விஷயத்தை மூணு தடவை சொன்னாங்க. “அவங்க நின்ன எடம், அவங்க நின்ன நேரம், தணிகாசலம். வத்தத்துல எடுங்க. நீங்கதான் எப்பவும் எடுக்கறவராச்சே, உங்களுக்குத் தெரியும்”னாங்க. ஆமா மேடம்னேன். அந்த நேரத்துல வேற என்ன சொல்றது?

மச்சினிச்சியை அவளுக்குத் துணைக்கு வெச்சிட்டு ராத்திரியே ஊருக்கு வந்துட்டேன். இன்னைக்கு வத்தம் பன்னெண்டரை மணிக்கு. நான் காலையில ஆறரைக்கே படகைக் கட்டிட்டேன். பழக்கம் சார், கால் தானா போவுது. தண்ணி ததும்பி நிக்குது, தெளிவா இருக்கு, கொக்கு உக்காந்திருக்கு. ஒரு பாட்டில்ல புடிச்சேன், நீல மூடி போட்டேன். காத்துக்கும் பாத்தேன், நல்ல டிக்காஷன் கலர். மனசுக்கு ஒரு ஆறுதலா இருந்துச்சி. வீட்டுக்கு வந்தேன். பாட்டிலைப் பாத்துக்கிட்டே இருந்தேன். மேடம் சொன்னது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சி. பதினொரு மணிக்கு இன்னொரு பாட்டிலை எடுத்துக்கிட்டு சேத்துல நடந்தேன். மூணு வருஷத்துல முதல் தடவையா.

அந்த எடத்தை எனக்கு அடையாளமே தெரியல சார். அதே மூங்கில், நான் பெயிண்ட் அடிச்ச நாலாம் நம்பர். தண்ணி கறுப்பா, மேல எண்ணெய் மினுக்கு. கடல்தண்ணி ஒரு சொட்டு இல்ல, எல்லாம் அந்தக் கால்வாயிலேருந்து வர்றதுதான். நாத்தம் தொண்டையில ஏறுது. சிவப்பு மூடிப் பாட்டில்ல புடிச்சேன். அப்புறம் கண்ணாடி பாட்டில்ல புடிச்சி ரெண்டு மருந்தையும் விட்டு ஆட்டினேன். வெள்ளை. சுண்ணாம்புத் தண்ணி மாதிரி. மருந்து கெட்டுப்போச்சுன்னு நெனைச்சேன். ஆனா காலையில அதே மருந்துதானே பிரவுனா வந்துச்சி? இன்னொரு தடவை பண்ணேன். வெள்ளை. இன்னொரு தடவை. அந்தத் தண்ணியிலதான் என் கால் தொடை வரைக்கும் நிக்குது சார், அப்பதான் அது நெனைப்பு வந்து, என் கால்ல எங்கயாச்சும் கீறல் இருக்கான்னு தடவித் தடவிப் பாத்தேன்.

பொம்பளைங்க அப்பதான் எறங்கிக்கிட்டிருந்தாங்க. பேபிம்மான்னு ஒருத்தி, அஞ்சலாட்சிக்கு சிநேகிதி, கேட்டா, “அண்ணே, கரைக்குக் கொண்டாரப்போ டீக்கலர்ல இருக்குமே, என்னாண்ணே இன்னைக்கு பாட்டிலு வெள்ளையா இருக்கு?”ன்னு. மருந்து பழசாயிடுச்சிம்மான்னு சொன்னேன். சரிண்ணேன்னுட்டுக் குனிஞ்சிட்டா. நான் ஓடி வந்து குளிச்சி, தேய்ச்சித் தேய்ச்சிக் குளிச்சி, இந்த பஸ்ஸைப் புடிச்சேன்.

இப்ப பெட்டியில ரெண்டு பாட்டிலும் இருக்கு. லேபிள் ரெண்டுலயும் ஒண்ணுதான், நாலாம் நம்பர், இன்னைக்குத் தேதி. நேரம் எழுதல. எழுதணும்னுதான் இருந்தேன். ஒண்ணு யோசிச்சுப் பாருங்க சார். சிவப்பு மூடியைக் குடுத்தா, மேடத்துக்குத் தெரியும், அந்த மூணு வருஷப் படமும் என்னன்னு கேப்பாங்க. பலகையைக் கிழிப்பாங்க. ஊர்ல தலைகாட்ட முடியாது. நீல மூடியைக் குடுத்தா, அதுவும் நாலாம் நம்பர் தண்ணிதானே? நான் பொய் சொன்ன மாதிரி ஆவாதே? அதோட இன்னொரு எண்ணமும் வருது, சொன்னா சிரிப்பீங்க. தண்ணி நல்லா இருக்குன்னு லேபுல வந்துட்டா, அவ காலும் நல்லாயிடும்னு தோணுது. மூணு வருஷமா அப்படித்தானே, பச்சைன்னு எழுதினா பச்சையா இருந்துச்சி. பைத்தியக்காரத்தனம்னு தெரியுது. ஆனா தோணுது.

இருங்க, போன் அடிக்குது. அவதான், மச்சினிச்சி கூட இருக்கா, அவ போன்லேருந்து.

ம், சொல்லும்மா. வந்துக்கிட்டே இருக்கேன், கடலூர் வரப்போவுது. சாப்ட்டேன். நீ சாப்ட்டியா? கஞ்சியாச்சும் குடி. கோடு… சரி. சரி, விடு, டாக்டர் பாத்துக்குவாங்க. எடுத்துட்டேன், பெட்டியில இருக்கு. வத்தமா? ஆமா, பன்னெண்டரைக்கு. ம். பேபிம்மாவா? ம்… சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எறங்கல, யாரும் எறங்கல. நீ படு. அழாத. வந்துடறேன்.

மூணாவது கோட்டையும் தாண்டிடுச்சாம் சார்.

அவ என்ன கேட்டா தெரியுமா? இன்னைக்கு வத்தம் பகல்லயாச்சே, எவளையும் எறங்க வேணாம்னு சொன்னியான்னு கேக்கறா. காய்ச்சல்ல நாக்கு குழறுது, அதுலயும் அதைக் கேக்கறா. நான் சொல்லிட்டேன்னேன். கேட்டீங்களே, நீங்களும் பக்கத்துல உக்காந்து கேட்டீங்களே. நான் யோசிக்கவேயில்ல. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிடுச்சி, டிக் போடற மாதிரி. பொண்டாட்டி கால் போவப்போவுது, அவகிட்ட போயி.

நான் சொல்லல சார். அவங்க எதிருக்க நின்னேன், கையில வெள்ளைப் பாட்டிலை வெச்சிக்கிட்டு நின்னேன், மருந்து பழசுன்னு சொல்லிட்டு வந்தேன். என் காலை மட்டும் தேய்ச்சிக் கழுவினேன்.

சார், ஒரு உதவி பண்ணுங்க. கடலூர் மஞ்சக்குப்பம் வந்துடுச்சி, நீங்க எறங்கிடுவீங்க. இந்தாங்க, இந்த நீல மூடிப் பாட்டிலைக் கொண்டுபோயிடுங்க. நல்ல தண்ணிதான், உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. எங்கயாச்சும் கொட்டிடுங்க. இங்கேருந்து பாண்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. ரெண்டும் என் கையில இருந்தா அங்க போனதும் நான் இதைத்தான் நீட்டுவேன். எனக்கு என்னைத் தெரிஞ்சிபோச்சு. புடிங்க சார், தயவுசெஞ்சி புடிங்க. நான் ஜன்னல் வழியா திருப்பிக் கேட்டாலும் குடுத்துடாதீங்க.

பேபிம்மாவுக்குப் போடறேன். ரிங் போவுது.

எடுக்கல. அவங்ககூட எறங்கற செல்வி நம்பரும் இருக்கு, அவளுக்குப் போடறேன். எறங்குங்க சார், கண்டக்டர் கத்தறான் பாருங்க. ரிங் போவுது, இவளும் எடுக்கல. எப்படி எடுப்பாங்க, போனெல்லாம் கரையில பையில கெடக்கும். எல்லாரும் தண்ணியில நிக்கறாங்க சார்.